எட்டு பிளக் பெட்டி

அறுப்பின் பண்டிகைக் காசில்
ஸ்பீக்கர் வாங்கலாம் என்றோம் கமிட்டியில்.
எப்சிபா மட்டும் எழுந்து
எட்டு பிளக் செருகும் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றும்
பத்து மீட்டர் வயரும் போதும் என்றாள்.
சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

சனி இரவு, சேலம் பெரியாஸ்பத்திரி.
பிரசவ வார்டுக்கு வெளியே
சுவரோரமாய் வயர் ஓடுகிறது.
வாழப்பாடி, ஓமலூர், காரிப்பட்டி...
உயிர் போகவிருந்த போன்கள்
வரிசையாய்ப் பால் குடிக்கின்றன.
"ரெண்டு பர்சன்ட்தான் இருந்துச்சுக்கா,
பையன்னு ஊருக்குச் சொல்லிட்டேன்."

நான் கொண்டுபோன கைப்பிரதிகளில் ஒன்று
ஆடும் ஸ்டூலின் காலுக்கடியில்
நாலாய் மடிந்து கிடந்தது.
எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு
ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து ஆள் ஒருவர்
பட்டன் போனை நீட்டினார்.
அந்தச் சின்ன பின் யாரிடமும் இல்லை.
"இருங்கண்ணா."
அஸ்தம்பட்டி வரை ஸ்கூட்டியில் போய்
பீரோவுக்குள்ளிருந்து எடுத்து வந்தாள்.
அவள் வீட்டுக்காரர் இன்பசீலனின் சார்ஜர்.
நாலு வருஷமாய்ச் சுற்றிய வயர்
சுற்றியபடியே இருந்தது.

பிரித்தாள். செருகினாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் எரியவில்லை.
நாங்கள் மூவரும் தலைகுனிந்து நின்றோம்,
கண்ணை மூடாமல்.