கற்களுக்கும் பெல்ட்

மர ஆலையின் எடைமேடையில்
எங்கள் சவுனாவை ஏற்றி நிறுத்தினோம்.
இரண்டு சக்கரம், ஒரு புகைபோக்கி,
நான்கு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து வியர்க்க ஒரு பலகை.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்:
எண்ணூற்றுப் பத்து.

ஹில்க்கா கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.
அவள் மனம் வைத்திருந்த வண்டி
சாம்பல் நிறம், ஹைப்ரிட், ஆறு வருடம் ஓடியது.
இழுக்கச் சம்மதிப்பது எழுநூற்றைம்பது.
அறுபது கிலோ இடிக்கிறது.
ஒல்லியான ஒரு விருந்தாளியின் எடை.

பழைய வேன் மார்ச்சில் கண்ணை மூடியது.
கோடை முழுக்க ஏரி ஏரியாய் முன்பதிவு:
ஒரு கல்யாணம், இரண்டு ஐம்பதாவது பிறந்தநாள்,
குஹ்மோவில் தபால்காரர்கள் சங்கம்.
ஓர் இரவு வாடகை நூற்றிருபது யூரோ,
அந்த வேன் குடித்தது எழுபது.
சுண்டைக்காயையே பார்த்திராத ஊர் இது.
இங்கும் சுமைகூலி முக்கால்பணம்தான்.

பென்த்தியின் கடையில் எல்லாமே பெரிசு.
கறுப்பு ஜீப் ஒன்றின் முதுகைத் தட்டினார்,
சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல.
"மூன்றரை டன் இழுக்கும்."
மூன்றரை டன்னுக்கு எங்களிடம் என்ன இருக்கிறது?
யானையைக் கட்டிவிடலாம், தீனிக்கு எங்கே போக?
அடுத்து மின்சார வண்டி. பூனைபோல நகர்ந்தது.
ஆனால் சார்ஜ் போடும் இடத்தில்
ட்ரெய்லரைக் கழற்றி ஓரம்கட்டி, திரும்ப மாட்டி,
கயானி போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை.
"மழையில்" என்றாள் ஹில்க்கா.
அவ்வளவுதான் சொன்னாள்.

மச்சினனிடம் கார் இரவல் வாங்கி
ஒரு ஞாயிறு முழுக்க ஓட்டிப் பார்த்தோம்.
தாளில் போட்டிருக்கும் நாலரை லிட்டர்
பின்னால் எதுவும் இல்லாதவர்களுக்கு.
எங்கள் சவுனாவுக்கு நெற்றி அகலம்.
செங்குத்துப் பலகைச் சுவர்.
எடையைக் கிளப்புவது ஒரு பாடு,
காற்றைத் தள்ளுவதோ வழியெல்லாம் பாடு.
எண்பதைத் தாண்டாதவரை ஏழு லிட்டர்.
பின்னால் லாரி ஹாரன் அடித்தது,
கொஞ்சம் மிதித்தேன்,
முள் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஜூன் இரவு. இருட்ட மறந்த வானம்.
படுக்கையில் அவள் இல்லை.
ஜன்னலைத் திறந்தால் கல்லோடு கல் உரசும் சத்தம்.
ட்ரெய்லருக்குள் மண்டியிட்டு
அடுப்புக் கற்களை ஒவ்வொன்றாய் எடுத்து
மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.
கொசு அவள் கழுத்தில் விருந்துண்டது.
"எழுபத்தொன்று!"
அக்கம்பக்கம் விழிக்கும்படி கத்தினாள்.
"எழுபத்தொன்று! அவை காருக்குள் வரட்டும்,
நம்மோடு!"

சாம்பல் வண்டியையே வாங்கினோம்.
பென்த்தி தலையை ஆட்டிக்கொண்டே
இழுவைக் கொக்கியை மாட்டிக்கொடுத்தார்.
முதல் பயணத்தில், தெரு முனைகூடத் தாண்டவில்லை,
வண்டி கீச்சிட ஆரம்பித்தது.
பின் சீட்டில் மூன்று இரும்பு வாளி நிறையக் கற்கள்.
யாரோ பெல்ட் போடவில்லை என்று அதற்குக் கவலை.
ஹில்க்கா இறங்கிப் போய்
மூவருக்கும் பெல்ட் மாட்டினாள்,
நடுவில் இருந்தவரை லேசாகத் தட்டியும் கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசி. தபால்காரர்கள்
விடியும்வரை அடுப்பை அணையவிடவில்லை.
திரும்பும் வழியில் புல்லெல்லாம் உறைபனி.
பின்னால் கற்கள் இன்னும் வெதுவெதுப்பாய்,
ஈர மரமும் புகையும் மணக்க.
கோட்டைக் கழற்றினேன்.
ஹில்க்கா கை நீட்டி ஹீட்டரை அணைத்தாள்.
"இதுவும் மிச்சம்."