தட்டில் பதினேழு

ஸ்கேன் அறைக்கு வெளியே
ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு.
தாலியும் பல்செட்டும் லாட்ஜ் சாவியும்
கிருபாவதி என்ற என் பெயர்ப்பட்டையும்
அதில்தான் காத்திருக்கும்.
பட்டையின் முதுகில் இரண்டு ஊசி.
ஒன்றின் திருகாணி தைமாதமே தொலைந்தது.
அன்றிலிருந்து என் பெயர்
சாய்ந்துதான் தொங்குகிறது.

இன்று காலை
புருலியாவிலிருந்து வந்த இந்திராணி மஹாதோ
தலையிலிருந்த துணித்தொப்பியைக் கழற்றினார்.
வாங்கிய கை தாழ்ந்தது.
தொப்பி முழுக்கப் பின்கள்.

அப்படியே வைக்கலாம் அம்மா என்றேன்.
இல்லை, எண்ணித்தான் தருவேன் என்றார்,
அடகுக்கடைக்காரரிடம் சொல்வதுபோல.

காசிரங்கா. சாம்பல் எனாமலில் ஒற்றைக் கொம்பு.
ஹம்பியின் கல்தேர்.
சாஞ்சி, சற்றுத் துருவோடு.
கன்ஹாவில் ஒரு மான், அதன் கண் உதிர்ந்துவிட்டது.
சுந்தரவனப் புலிக்கு வால் இல்லை;
படகில் ஏறும்போது உடைந்ததாம்.
கோனார்க் மட்டும் இரண்டு.
ஒன்று கணவர் வாங்கியது,
மற்றொன்று அதே நாளில்
அவருக்குத் தெரியாமல் இவர் வாங்கியது.

பதினேழு.

வேலூருக்கு எங்கே கிடைக்கும்?
அவர் கேட்டது இந்தியில்.
நான் யோசித்தது தமிழில்.

கோட்டை வாசலில் பஞ்சுமிட்டாய் கிடைக்கும்.
சோப்பு நுரைக் குமிழி கிடைக்கும்.
அகழியைச் சுற்றி நடந்தால் கால்வலி கிடைக்கும்.
சந்தையில் இலவம்பாடிக் கத்தரிக்காய்,
காம்பெல்லாம் முள்.
முள் இருக்கிறது அம்மா,
பின் இல்லை.

சிரித்தார். சிரிக்கும்போது
வலது கை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

பிறகு நானே யோசித்தேன்,
அப்படி ஒன்று செய்தால் எதை வரைவார்கள்?
எங்கள் ஊருக்கென்று ஒரு சொலவடை உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்.
சாமி நான் பிறந்த வருஷமே திரும்பி வந்துவிட்டார்.
ஆறும் ஒரு கார்த்திகையில்
பாலத்தைத் தொட்டுவிட்டுப் போனது.
ஆனாலும் சொலவடையை யாரும் திருத்தவில்லை.
இல்லை என்பதற்கு
எனாமலில் என்ன நிறம்?

எனக்குத் தெரிந்த வங்காளம் ஆறே வார்த்தை.
மூச்சை இழு. நிறுத்து. விடு.
அசையாதே. பயப்படாதே. முடிந்தது.
அந்த ஆறையும் மைக்கில் சொன்னேன்,
இருபத்தைந்து நிமிஷம்,
மாற்றி மாற்றி.
உள்ளே காந்தம் யாரோ பூட்டிய கதவைத்
தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தது.

திரையில் அவர் வந்தார்,
கருப்பு வெள்ளையில், சீவல் சீவலாக.
ஒரு சீவலில்
புளியங்கொட்டை அளவில்
ஏதோ வெள்ளையாக.
அடுத்த சீவலிலும் அது இருந்தது.
அதற்கடுத்ததிலும்.

அதைப் பற்றி நான் பேசக்கூடாது.
டாக்டர் பேசுவார், வியாழக்கிழமை.

வெளியே வந்ததும்
தட்டின்மேல் குனிந்தார்.
ஒவ்வொன்றாக அதனதன் பழைய ஓட்டையிலேயே குத்தினார்.
எந்த ஊருக்கு எந்த ஓட்டை என்று
விரலுக்குத் தெரிந்திருந்தது.
காதுக்கு மேலே, இடப்பக்கம்,
ஓர் இடம் காலியாக இருந்தது.
நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு,
அது உன் ஊருக்கு என்றார்.

போய்விட்டார்.

தட்டைத் துடைக்கும்போதுதான் கண்டேன்,
மூலையில் ஒரு பித்தளைத் திருகாணி.
எந்தப் பின்னுடையது?
காசிரங்காவா, கண்ணில்லாத மானா?
வராந்தா வரைக்கும் ஓடினேன்.
பில் கட்டும் வரிசையில் நூறு தலை,
தொப்பி ஒன்றுகூட இல்லை.
இந்நேரம் ஆட்டோ
கிரீன் சர்க்கிள் பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கும்.
ஏதோ ஒரு காடு, ஏதோ ஒரு கோயில்
சாலையில் விழுந்திருக்கும்.

வியாழக்கிழமை வருவார், கொடுத்துவிடலாம்.
வியாழக்கிழமை
என்னிடம் வரமாட்டார், டாக்டரிடம் போவார்.

என் பெயர்ப்பட்டையின் இரண்டாவது ஊசியில்
வைத்து அழுத்தினேன்.
டக்கென்று பிடித்துக்கொண்டது.
தைமாதத்துக்குப் பிறகு முதல்முறையாக
என் பெயர் நேராக நின்றது.

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.
கழற்றித் தட்டில் வைத்தேன்.