ஒரு மரத்தில் எட்டுப் பேர்

ஒட்டுபால் விற்ற பைசா
பிஸ்கட் டப்பாவில் பதினோராயிரத்து நானூறு.
சீட்டு எடுத்தது பதினாறு.
இதற்குள் ஒரு கம்ப்யூட்டர் முளைக்க வேண்டும்.
மானிட்டர் பழையது போதும்,
இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு விழும்,
அந்தப் பக்கம் நான் சுவர் வரைவதில்லை.

குலசேகரத்தில் பஸ் ஏறி
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கினால்
தேன் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
ஜெனில்ராஜின் கடை.
"எக்கா, எட்டு கோர் எடுங்க. நாளைக்கு உதவும்."

நாளைக்கு என்று ஒருத்தன்
எல்லாக் கடையிலும் வேலை பார்க்கிறான்.
சம்பளம் மட்டும் நம் கையிலிருந்து.

எட்டு, பதினேழாயிரம்.
ஆறு, பன்னிரண்டு முந்நூறு, ஆனால் அதற்குக் கண் இல்லை,
கிராபிக்ஸ் கார்டு தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.
நாலு, எட்டாயிரத்து எழுநூறு.
படம் காட்டுவதும் அதற்குள்ளேயே,
பெட்டியோடு ஃபேனும் வரும்.

கிலோ நூற்றியெண்பது என்று வைத்தால்
நாலுக்கும் எட்டுக்கும் நடுவே
நாற்பத்தாறு கிலோ ஷீட்.
அஜி நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு
மழை தோர்ந்த நாளாகப் பார்த்து இறங்கும்
எத்தனை வெளுப்பான்காலம் அது,
பஸ்ஸிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.
ஜெனிலிடம் சொல்லவில்லை.

"கேம் உண்டா எக்கா? வீடியோ எடிட்டிங்?"
இல்லை. வீடு.
துபாயிலும் மஸ்கட்டிலும் இருப்பவர்களுக்கு
இங்கே எழும்பப்போகும் வீடு.
கையெழுத்து எஞ்சினியர் பெனட்ஜோஸுடையது,
கோடு முழுக்க என்னுடையது.

பென்டிரைவை நீட்டினேன்.
அருமனையில் மூன்று மாடி, ஏழு குளியலறை,
என்னிடம் உள்ளதிலேயே கனமான வரைபடம்.
இரண்டு மெஷினிலும் திற தம்பி, நான் வாட்ச் பார்க்கிறேன்.

எட்டில் பதினோரு விநாடி.
நாலில் பன்னிரண்டு.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.
எட்டுக் கட்டங்கள் உள்ள ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து
மறுபடியும் ஓட்டினான்.
ஒரு கட்டம் உச்சிவரை துடித்தது.
ஏழு கட்டங்கள் தரையோடு படுத்துக் கிடந்தன.

இதற்கு நான் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.
ரப்பர் மரத்தில் வெட்டு ஒன்று.
எட்டுப் பேர் கத்தியோடு சுற்றி நின்றாலும்
ஒருத்தன்தான் கீற முடியும்,
மற்றவர்கள் பீடி பற்றவைக்கலாம்.
கூலி எட்டுப் பேருக்கும்.
எனக்கு வேண்டியது
கை வேகமுள்ள ஒரு வெட்டுக்காரன்.

நாலை எடுத்தேன்.
மிச்சத்தில் மெமரியை இரட்டிப்பாக்கினேன்.
ஒரு சின்ன யுபிஎஸ்ஸும்.
பேச்சிப்பாறைப் பக்கம் இடி உறுமினாலே
எங்களுக்குக் கரண்ட் போய்விடும்.

முப்பரிமாணத்தில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி
என்றைக்காவது ஒருத்தர் கேட்பார்.
அன்றைக்கு இந்த நாலுக்கு மூச்சிரைக்கும். தெரியும்.
போர்டில் குழி ஒன்றுதான்,
அன்றைக்குப் பைசா இருந்தால் பெரியதை இறக்கலாம்.
இருந்தால்.

ராத்திரி, பாயில் செய்தித்தாள் விரித்து
சில்லைத் தூக்கிப் பிடித்தேன்.
அடியில் ஆயிரத்துச் சொச்சம் முள்,
ஒன்று வளைந்தாலும் எட்டாயிரத்து எழுநூறு போச்சு.
தங்க முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு சேர்த்து
விட்டேன். அழுத்தவே இல்லை.
தானாக அமர்ந்தது.
அஜி அதுவரை மூச்சு விடவில்லை என்று
அவன் விட்டபோதுதான் தெரிந்தது.

பழைய மெஷினில் அருமனை வீட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு
அடுப்பில் கட்டன் போடப் போவேன்.
குடித்து, கிளாசைக் கழுவி வந்தால்
சிட்-அவுட் மட்டும் வந்திருக்கும்.
இன்றைக்கும் பழக்கத்தில் எழுந்தேன்,
கதவருகே போகுமுன்
மூன்று மாடியும் வந்து நின்றுவிட்டது.
கட்டன் இல்லை.

போனில் மஸ்கட்காரரின் குரல் செய்தி:
மாடிப்படியைக் கிழக்கே மாற்ற முடியுமா?
இது ஆறாவது தடவை.