நிகர எடை

பழத்தோடு ஏறும்போது ஓர் எடை.
கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஓர் எடை.
முன்னதில் பின்னதைக் கழித்தால் பழம்.
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை,
சுங்கை லாலாங் செம்பனை ஆலையின் எடைமேடையில்
ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால்.

மனிதரைத்தான் இப்படிக் கழிக்க வரவில்லை.

கொதிகலன் படுத்துக்கொண்ட அன்று
ஆ லியோங் பட்டறை வரை லோரிகள் நின்றன.
நேரமாக ஆகப் பழம் உதிரும், புளிக்கும்,
தரம் இறங்கும், காசு இறங்கும்.
வரிசையில் நின்ற எல்லாருக்கும் அது தெரியும்.
பத்தொன்பதாவது குணாளன்.
அவனுக்குப் பின்னால் சிம்மாத்திரி.
அதே வெயில், அதே லோரிக் கடன்,
அதே தமிழ்ப்பள்ளி, ஒரே வாத்தியாரின் ஒரே ரோத்தான்.
சிம்மாத்திரி லோரிக்கு அடியில் சாக்கை விரித்துக்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
குணாளன் ஜாக்கிக் கம்பியோடு நடந்து வந்து
என் ஜன்னலை உடைத்தான்.

இருட்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.
ரத்தம் அப்படி, என்றார் கோப்பிக் கடையில் ஒருவர்,
இவன் அப்பன் கள்ளுக்கடை பெஞ்சைக் கொளுத்தியவன்தானே.
வெயில் அப்படி, என்றார் சங்கத்துக்காரர்,
நாலு மணி நேரம் உன்னை நிறுத்தினால் தெரியும்.
இருவருக்கும் ஒரே கொச்சாவில் ஊற்றிய தேத்தண்ணி.
ஒருவருக்குச் சீனி போதவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு.
கண்ணாடி மடியில் கொட்டியபோது நான் கத்தவில்லை.
மேடையில் நின்ற யாருடையதோ எடையைப் பதிந்தேன்,
ரசீதின் மேலிருந்த தூளை ஊதி,
உடைந்த சட்டத்தின் வழியே நீட்டினேன்.
"என்ன நெஞ்சழுத்தம்டி உனக்கு" என்றாள் லோகேஸ்வரி.

லயத்து வீட்டில் அப்பா பீங்கானை வீசுவார்.
அக்கா திருப்பி வீசுவாள்.
நான் சில்லுகளை எண்ணிப் பொறுக்குவேன்.
பதினேழு என்றால் பதினேழும் கிடைக்கும்வரை.
அக்கா இப்போது ஈப்போவில் வழக்கறிஞர்,
சத்தம் போடக் காசு வாங்குகிறாள்.
எனக்கு எண்ணுவதற்குச் சம்பளம்.
ஒரே வீடு, ஒரே தட்டு,
பறந்த திசைதான் வேறு.
திசை யாருடையது என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

கொட்டும் மேட்டில் ஹாலிம் குலையைப் பிளந்து காட்டுவான்.
வெளிப்பக்கத்துப் பழம் சிவந்து கறுத்திருக்கும்,
உள்ளே நெருக்கத்தில் இருந்தது வெளிறிக் கிடக்கும்.
அதற்காக வெயிலில் போட்ட ரப்பர் கொட்டை
செம்பனையாகிவிடுமா என்ன.
ஹாலிம் இதையெல்லாம் யோசிப்பதில்லை.
கொக்கியால் குத்தித் தள்ளுவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை குணாளனே புதுக் கண்ணாடியோடு வந்தான்.
பக்கத்தில் யாருமில்லை, ஆலையும் ஓடவில்லை,
மழை விட்ட ஈரக்காற்று.
சட்டத்தில் மக்கைக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தான்,
பிள்ளைக்கு மை தீட்டுகிறவன் போல அத்தனை மெதுவாக.
"எங்கேயும் கீறிச்சா அக்கா?"
இல்லை என்றேன்.
கீறியிருந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்று.
அன்று சாயங்காலம் பழத்தோடு மேடையேறியபோது
குணாளன் லோரிக்குள் உட்கார்ந்திருந்தான்.
கொட்டியதும் ஜாகா அவனை இறக்கி வைத்துக்கொண்டார்.
காலி லோரியை ஓட்டி வந்த சிம்மாத்திரி
மேடையில் நிறுத்தி, கீழே இறங்கி,
தள்ளி நின்று சிகரெட் பற்றவைத்தான்.
ஓட்டியவன் இரண்டு தடவையும் இருந்தால்
கழித்தலில் காணாமல் போவான்.
ஒரு தடவை மட்டும் இருந்தால் பழமாகிவிடுவான்.
சிம்மாத்திரிக்கு அது தெரியுமா, புகைக்கத்தான் இறங்கினானா,
அவன் முகத்தில் எதுவும் இல்லை.

எண்பது கிலோ அதிகம்.
அவனுடைய அப்பனும், அந்த நாலு மணி நேரமும்,
ஜன்னல் சட்டத்தை வருடிய கட்டைவிரலும் சேர்த்து.
அன்றைய விலைக்கு அறுபது வெள்ளிக்கு மேல்.
கண்ணாடிக்கு அவன் கொடுத்தது ஐம்பத்தைந்து.

கழிக்கத் தெரியாதவள் இல்லை நான்.
பதிந்துவிட்டு
அடுத்த லோரியைக் கூப்பிட்டேன்.