காலண்டர் தாளின் பின்பக்கம்

முதலில் அதைச் சூடு என்றுதான் நினைத்தேன்.
அடியில் இரண்டு தீப்பெட்டி வைத்து உயர்த்தினேன்.
விசிறியின் துவாரத்தில் ஊதினால்
குளச்சல் மணல் கொஞ்சம் வந்தது,
ஒரு செத்த எறும்பும்.
அன்று மாலையும் அணைந்தது.

பதினொரு விசைப்படகுகளின் கணக்கு என் மடியில்:
டீசல், வலை, அரிசி, ஐஸ்.
ஐஸ் எத்தனை பார் என்று அடிக்கும்போது
திரை கறுத்துப்போகும்.
எச்சரிக்கை கிடையாது. முனகல் கிடையாது.
பேசிக்கொண்டிருந்தவர்
பாதி வாக்கியத்தில் எழுந்து போனதுபோல.

மஸ்கட்டிலிருந்து றெக்சின் குரல் அனுப்பினான்:
"ராம் லூசா இருக்கும்க்கா,
கழத்தி, ரப்பர் வச்சு துடைச்சு மாட்டுங்க."
வீட்டில் இருந்தது மகளின் வாசனை ரப்பர்.
கழற்றினேன், துடைத்தேன், மாட்டினேன்.
அன்று ஸ்ட்ராபெர்ரி மணத்தோடு அணைந்தது.

மாஹீன் கடையில் ஒரு வாரம் கிடந்தது.
"இஞ்ச ஒருக்கா கூட ஆஃப் ஆகல்லியே.
வீங்கின பேட்டரிய மாசியிலேயே எடுத்தாச்சுல்லா,
நேரா கரண்டுல ஓடும்க்கா, ஒண்ணும் பேடிக்காண்டாம்."
ஓடியது, அவன் கடையில்.
ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும்
காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளை மாதிரி.

பிறகுதான் எழுதத் தொடங்கினேன்,
கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம்,
நேரத்தை மட்டும்.
திங்கள் 6.47.
செவ்வாய் 6.51, மறுபடி 9.10.
புதன் மழை, 6.44.
ஞாயிறு ஒன்றும் இல்லை.
அடுத்த ஞாயிறும் இல்லை.
தாளை எட்டிப் பார்த்த மாமியார் சொன்னாள்:
"அதுக்கு ஓய்வுநாள் தெரியுது.
உனக்குத்தான் தெரியல்ல."

நாலாம் வாரம், வெள்ளி,
திரையை விட்டு வீட்டைப் பார்த்தேன்.
ஃபேன் ஒரு சுற்று தயங்கியது.
ஃபிரிட்ஜ் தொண்டையைச் செருமியது.
மதிலுக்கு அப்பால் ஐஸ் பிளாண்டில்
பெரிய மோட்டார் எழுந்து நின்றது.
கம்பி வரிசையில் கடைசி வீடு எங்களது.
அது முதல் மடக்கு குடிக்கையில்
எங்களுக்கு மிஞ்சுவது ஈரம் மட்டும்.

ஐஸ் கணக்கை எழுத விடாதது
அந்த ஐஸ்தான்.
சிரிப்பு வந்தது, பிறகு கோபம்.
பிறகு புது பேட்டரி விலை கேட்டேன்.
மூவாயிரத்து இருநூறு.
இரண்டும் போய்விட்டன.

மோட்டார் போடுகிறவர் சிலுவைதாசன்.
மதிலுக்கு மேல் தலையை நீட்டி விளக்கினேன்.
பாதி புரிந்து, முழுதாகத் தலையாட்டினார்.
அன்று முதல்
சுவிட்சைத் தொடுமுன் எனக்கொரு மிஸ்டு கால்.
மணி ஒன்று. சேமிப்பேன். இருட்டு.
பத்து எண்ணிவிட்டு மறுபடி பொத்தான்.
பழுது பழுதாகவே இருக்கிறது,
சொல்லிவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

ஜூன் ஒன்று, தடைக்காலம்.
படகுகள் துறைமுகத்தில் ஒன்றையொன்று உரசிக் கிடந்தன.
ஜூன் முழுக்க லேப்டாப் ஒருமுறை கூட அணையவில்லை.
மகள் அதில் படம் வரைந்தாள்.
மாமியார் தினமும் நேரலைப் பூசை கண்டாள், முடியும்வரை.
நான் கோப்பைத் திறந்து
காலிக் கட்டங்களில் கீழே கீழே இறங்கி
மேலே வருவேன்.
அந்த நாட்களில் இந்தத் தெருவில் கணக்கு எழுதியது
பலசரக்குக் கடை ஞானசெல்வம் மட்டும்.
எங்கள் பற்று.

ஜூலை இருபத்தொன்பது, இரவு எட்டே கால்.
அடுப்பில் மரச்சீனி வெந்துகொண்டிருந்தது.
ஃபோன் ஒருமுறை அடித்து நின்றது.
கோப்பில் சேமிக்க ஒரு எண்கூட இல்லை.
மாவு ஒட்டிய விரலோடு ஓடிப் போய்
சேமித்தேன்.