பழக்க தோஷம்

படகு மூன்று நாள் தாமதம்.
அசுன்சியோன் துறையில் இறங்கியபோது அவரிடம் இருந்தவை
ஒரு தோல் பெட்டி,
காற்றிறங்கிய பந்து,
மடங்க மறுக்கும் வலது முழங்கால்.
நான் கழகத்தின் கணக்கன்.
'பயிற்சியாளர் வருகை, மார்ச் 1926,
சுமைகூலி இரண்டு பேசோ' என்று எழுதிக்கொண்டேன்.
பெட்டியைச் சுமந்தவனும் நான்தான்.

நிக்காசியோ எச்சார்த்.
மொந்தெவிதேயோ இறைச்சி ஆலையின் குளிர்கிடங்கில்
ஆறு நாளும் மாட்டுத்தொடை தூக்கியவர்.
ஏழாம் நாள் நடுக்களத்தில் நின்று
மற்ற பத்துப் பேரின் மறதியைத் தூக்கியவர்.
"இடப்பக்கம் மூடு, பெனிக்னோ!"
பதினோரு வருடம் அதே கூச்சல்.
பந்தைக் கண்டால் பெனிக்னோ லார்ரோச்சா
கன்றைக் கண்ட பசுவாக ஓடிவிடுவானாம்.
பின்னால் கதவு திறந்தே கிடக்குமாம்.

நெற்றியில் ஒரு தழும்பு, வார்முடிச்சின் வடிவில்.
மழையில் ஊறிய பந்து
செங்கல்லின் எடைக்கு வந்துவிடும் காலம் அது.
அதை முட்டித்தான் பேர் வாங்கினார்கள்.
பிறகு ஒரு சேற்று மைதானம், ஒரு சத்தம், முழங்கால் போயிற்று.
கழகம் கூடி ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தது.
அதுவும் ஓடவில்லை.

எங்களிடம் என்ன இருந்தது?
துறைமுகச் சுமையாட்கள் ஐவர்,
டிராம் நடத்துநர் இருவர்,
அனாக்லெத்தோ என்கிற முடிதிருத்துபவன்,
மீதி, வேலை இல்லாதவர்கள்.
முதல் வாரம் பந்தையே கண்ணில் காட்டவில்லை மனிதர்.
விடியுமுன் வரச்சொல்லி
ஒரே கயிற்றில் பத்துப் பேரையும் இடுப்பில் கட்டினார்.
ஒருவன் நகர்ந்தால் எல்லாரும் நகர வேண்டும்.
நகராதவன் விழுவான், விழுந்தால் எல்லாரும்.
வேலிக்கு வெளியே ஊர் கூடிச் சிரித்தது,
கழுதைச் சந்தை எப்போது என்று கேட்டது.
அனாக்லெத்தோ குவாரனியில் சொன்னதை
நான் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

கயிற்றை அவிழ்த்த பிறகும்
கயிறு இருந்தது.
அந்த ஆண்டு ஒன்பது வெற்றி.
சிரித்தவர்கள் சீட்டு வாங்க வரிசையில் நின்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து, செப்டம்பரில்,
அவருடைய பழைய கழகம் ஆற்றில் ஏறி வந்தது.
நட்பு ஆட்டம் என்று சுவரொட்டி.
நட்பு என்ற சொல்லின் மேல் யாரோ சாணி அடித்திருந்தார்கள்.
பெனிக்னோவும் வந்திருந்தான்,
தொப்பையோடு, அதே இடது பின்காவலில்.

எட்டு நிமிடம் மிச்சம். இருபக்கமும் பூஜ்யம்.
அனாக்லெத்தோவிடம் பந்து.
பெனிக்னோ ஓடினான், பசு மாறவில்லை.
அவன் விட்டுப்போன இடத்தை நோக்கி எங்கள் செஃபெரினோ,
தனியாக, கோலுக்கும் அவனுக்கும் நடுவே புல் மட்டும்.
பந்து கிளம்பிவிட்டது.
என் பக்கத்து நாற்காலி கவிழ்ந்தது.
"இடப்பக்கம் மூடு, பெனிக்னோ!"

காது கேட்பதற்குள் கால் கேட்டுவிட்டது.
பெனிக்னோ திரும்பினான், பாய்ந்தான்,
தொடையில் பட்டு வெளியே போனது பந்து.
நாலாயிரம் பேர் வாய் திறக்கவில்லை.
செஃபெரினோ மட்டும்
புல்லில் உட்கார்ந்தபடி எங்கள் பெஞ்சையே பார்த்தான்.

இரவே நிர்வாகம் கூடியது.
தலைவர் தோன் இலாரியோன்
மேசையில் குத்தியதில் மை கொட்டியது.
பணிநீக்கம். காரணம் என்ற கட்டத்தில்
'பழக்க தோஷம்' என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு 'துரோகம்' என்றெழுதினார்.
இரண்டும் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன.

பெட்டியை மறுபடி நானே சுமந்தேன்.
தெரிந்தே கத்தினீர்களா என்று துறையில் கேட்டேன்.
"கதவு திறந்து கிடப்பது தெரிந்தது.
நான் எந்த வீட்டில் நிற்கிறேன் என்பது
கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது."
பிறகு சிகரெட் இருக்கிறதா என்றார்.
இல்லை.

கொரியெந்தெஸில் ஏதோ ரயில்வே அணிக்கு
பயிற்சி கொடுப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.
கணக்கு முடிக்கும்போதுதான் பார்த்தேன்:
கயிறு, நாற்பது மீட்டர், பதினான்கு பேசோ,
அவர் கைக்காசு.
இன்னும் கொடுபடவில்லை.