பொதுநிறம்

விண்ணப்பத்தின் நான்காம் பக்கம்
என்ன நிறம் என்று கேட்டது.
இதற்கு முன் கேட்டது
கொக்குவில் கலியாணத் தரகர்.
அம்மா "பொதுநிறம்" என்றா.
அவர் பேனையை மூடினார்.

இந்த முறை அதுக்குக் காசு தருவினமாம்.

குருநகர் வாடியில், விடிய மூன்றரைக்கு,
இறால் கோது உரிக்கிற மெற்றில்டாவின் கைகளை
எட்டு மாதமாய் எடுக்கிறேன்.
கமரா ஏறாவூர் றிஸ்மியினது.
மைக் ஹற்றனிலிருந்து பஸ்ஸில் வந்தது,
பழைய கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு.
நைரோபியில் ஒருத்தி, நேரில் கண்டதில்லை,
என் கணக்குத் தாளைத் திருத்தி
"உன் சம்பளத்தை எழுத மறந்துவிட்டாய்" என்றாள்.

எழுதினேன். கை கூசியது.

படத்தால் என்ன மாற்றம் வரும்?
முந்நூறு சொல்லுக்குள்.
மெற்றில்டாவையே கேட்டேன்.
"கிலோவுக்குப் பத்து ரூபா கூட்டுவினமோ?"
பிறகு, கோதை உதறிக்கொண்டு,
"உனக்குத் தாற காசில
எனக்கு எவ்வளவு, பிள்ளை?"

அந்தப் பெட்டி இன்னும் வெறுமை.
கணக்கில் மட்டும் அவள் பெயருக்கு ஒரு வரி சேர்த்தேன்.
இப்போது மொத்தம் பிழைக்கிறது.
நள்ளிரவோடு முடிவுத் திகதி.
கரண்ட் வேறு போய்விட்டது.
நைரோபியில் ஒன்பதரைதான்,
முழித்திருப்பாள்.